டீசல் டேங்கில் அந்த பாட்டிலை ஊற்றுவதற்கு முன்

கேள்வி: ஐயா, என்னிடம் இருபது வருடப் பழைய டிராக்டர் ஒன்றும், வாங்கி மூன்று வருடம் ஆன லாரி ஒன்றும் இருக்கின்றன. உழவு முடிந்தால் டிராக்டர் நான்கைந்து மாதம் கொட்டகையில் நிற்கும். டீசலை பேரலில் வாங்கி வைத்து ஊற்றுகிறோம். இப்போது இழுக்கும்போது கரும்புகை தள்ளுகிறது, டீசலும் அதிகம் குடிக்கிறது. லாரியில் குறை ஒன்றும் இல்லை. உதிரிபாகம் விற்பவர் ஒரு அடிட்டிவ் பாட்டிலைக் கொடுத்து, “இரண்டு வண்டியிலும் ஊற்றுங்கள், மைலேஜ் 15 சதவீதம் கூடும், புகை போய்விடும், டீசலில் இருக்கும் தண்ணீரையும் எரித்துவிடும்” என்கிறார். எங்கள் டிரைவரோ, டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்தாலே போதும் என்கிறார். லாரியில் ஏற்கெனவே யூரியா வேறு ஊற்றுகிறோம். எதைச் செய்வது? – ஒரு வாசகர்

பதில்: பாட்டிலைத் திறக்காமல் எனக்கு எழுதினீர்களே, அதுவே நல்லது. அடிட்டிவ் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பம்ப், டீசலை இஞ்சினுக்குள் தூவும் நாசில், இந்த வேலையிலேயே பல வருடம் கழித்தவன் நான். சில இடங்களில் நானே ஊற்றச் சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்கள் டிராக்டருக்கும் லாரிக்கும் ஒரே பாட்டில் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் இரண்டு இஞ்சினையும் திறந்து பார்த்ததில்லை என்று அர்த்தம்.

அந்த 15 சதவீதக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள டீசல் இஞ்சின் தனக்குள் வரும் எரிபொருளில் 98 சதவீதத்துக்கு மேல் எரித்துவிடும். எரிந்த வெப்பத்தில் பாதிக்கு மேல் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வீணாகப் போகிறது. அது இஞ்சினின் அமைப்பில் வரும் இழப்பு, அதை எந்தத் திரவத்தாலும் தடுக்க முடியாது. ஆக, “எரியாமல் போகும் டீசலை எரிக்க வைக்கிறோம்” என்று ஒருவர் சொன்னால், அவர் கைவைக்கக்கூடிய மிச்சமே 2 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது. அதிலிருந்து 15 சதவீதம் எப்படி எடுப்பார்? ஊற்றுவதோ லிட்டருக்கு ஒரு மில்லி. அந்த ஒரு மில்லியிலும் அப்படிப் பெரிய சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. எரிபொருளை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி விற்ற நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் கலவைகளையும் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பரிசோதித்தும் மதிப்பிட்டும் பார்த்திருக்கிறது. குறிப்பிடும்படி மைலேஜைக் கூட்டியது என்று ஒன்றும் தேறவில்லை.

ஆனால் ஒன்று. நாசில் அழுக்கேறி, அதனால் ஏற்கெனவே மைலேஜ் குறைந்துபோன வண்டியில், அழுக்கை எடுத்தால் குறைந்தது திரும்பி வரும். “எனக்கு நன்றாக வேலை செய்தது” என்று சிலர் சத்தியம் செய்வது இதனால்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை, வண்டி பழைய நிலைக்கு வந்ததை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, டிராக்டருக்கு வருவோம். கரும்புகை என்றால் உள்ளே வந்த டீசலுக்குக் காற்று போதவில்லை, அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. அதனால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். உங்கள் டிராக்டர் வயதுக்கு ஆயில் பாத் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கீழே உள்ள கிண்ணத்தைக் கழற்றினால், ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் களிமண் குழம்பு மாதிரி ஒன்று இருக்கும். அதை வழித்து எறிந்து, டீசலில் கழுவி, குறியீடு வரை புது ஆயில் ஊற்றுங்கள். மேலே உள்ள கம்பி வலையையும் கழுவுங்கள். புகை என்று வந்த டிராக்டர்களில் கணிசமானவை என்னிடமிருந்து இந்த ஒரு வேலையோடு திரும்பிப் போயிருக்கின்றன. வந்தவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும், அதனால் நானும் பெரிதாகப் பேசுவதில்லை.

அதிலும் புகை நிற்கவில்லை என்றால் நாசிலைக் கழற்றி டெஸ்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையால் அடிக்கும் பம்ப், ஒரு பிரஷர் கேஜ், அவ்வளவுதான் அந்தக் கருவி. பழைய டிராக்டர் நாசில்கள் பெரும்பாலும் 200 பார் அழுத்தத்துக்குப் பக்கத்தில் திறக்கும். நல்ல நாசிலாக இருந்தால், லீவரை அழுத்தும்போது ‘கிர்ர்’ என்று ஒரு முணுமுணுப்பு கேட்கும். ஒவ்வொரு துளையிலிருந்தும் புகை போல மெல்லிய தூவல் வரும். நின்றதும் நுனி காய்ந்திருக்கும். கெட்ட நாசிலில் சத்தமே வராது. தூவலுக்குப் பதில் ஒரு பக்கமாகக் கோடு போல டீசல் பீய்ச்சும், அழுத்தம் ஏறும் முன்பே நுனியில் ஒரு சொட்டு உருண்டு நிற்கும். அந்தச் சொட்டுதான் உங்கள் கரும்புகை. (தூவலுக்கு நேரே கையை மட்டும் நீட்டிவிடாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.)

சொட்டுக்குக் காரணம் கரி படிந்திருப்பதா, நாசிலுக்குள் இருக்கும் ஊசி தேய்ந்திருப்பதா என்பதில்தான் உங்கள் பாட்டிலின் கதை இருக்கிறது. கரி என்றால், அழுக்கை எடுக்கும் டிடர்ஜென்ட் வகை அடிட்டிவ் இரண்டு மூன்று டேங்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். தேய்மானம் என்றால் எதுவும் செய்யாது, நாசிலை மாற்றத்தான் வேண்டும். தேய்ந்துபோன உலோகத்தைத் திரும்ப வளர வைக்கும் திரவத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடிட்டிவ் என்ற ஒரே பெயரில் விற்பது உண்மையில் ஐந்தாறு வேறு வேறு சரக்கு. சீட்டேன் எண்ணை, அதாவது டீசல் எவ்வளவு சட்டென்று தீப்பற்றும் என்பதன் அளவை, கூட்டுவது ஒன்று. அதில் இருப்பது பெரும்பாலும் 2-எத்தில்ஹெக்சில் நைட்ரேட். டீசல் உள்ளே பீய்ச்சியதற்கும் தீப்பற்றுவதற்கும் இடையே உள்ள தாமதத்தை அது குறைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வரும் வெள்ளைப் புகையும் ‘கடகட’ சத்தமும் குறையும். ஐரோப்பியத் தரமான இ.என். 590 டீசலுக்குச் சீட்டேன் எண் குறைந்தது 51 வேண்டும் என்கிறது, அமெரிக்கத் தரம் 40 போதும் என்கிறது. 51 உள்ள டீசலில் இதை ஊற்றி இழுவை கூடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அடுத்தது வழுவழுப்புக்கான சரக்கு. இதற்குப் பின்னால் நிஜமாகவே ஒரு வரலாறு இருக்கிறது. டீசலில் இருந்து கந்தகத்தை எடுக்கும்போது, உலோகத்தில் ஒட்டிக்கொண்டு தேய்மானத்தைத் தடுக்கும் இயற்கையான சேர்மங்களும் கூடவே போய்விடுகின்றன. 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வந்தபோது, வண்டிகளின் பம்புகள் தேய்ந்து நின்றன. அப்புறம்தான் டீசலின் வழுவழுப்பையே அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. சோதனை எளிமையானதுதான். 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றின் மேல் 200 கிராம் எடை வைத்து, டீசலில் மூழ்கிய எஃகுத் தகட்டின் மேல், விநாடிக்கு 50 முறை, 75 நிமிடம் முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். பிறகு குண்டில் விழுந்த தழும்பை மைக்ராஸ்கோப்பில் அளப்பார்கள். ஐரோப்பியத் தரத்தில் அது 460 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அமெரிக்கத் தரத்தில் 520. இதற்கு வேண்டிய சரக்கைச் சுத்திகரிப்பு நிலையத்திலோ டெப்போவிலோ ஏற்கெனவே கலந்துதான் அனுப்புகிறார்கள். பயோடீசல் 2 சதவீதம் கலந்திருந்தாலே வழுவழுப்பு வந்துவிடும்.

உங்கள் டிராக்டரில் இருப்பது ரோட்டரி பம்பா, இன்லைன் பம்பா என்று பாருங்கள். பைப்புகள் வரிசையாக நின்றால் இன்லைன். வட்டமான தலையைச் சுற்றி நின்றால் ரோட்டரி. இன்லைனின் கேம் ஷாஃப்ட் ஆயிலில் ஓடும், அதனால் கொஞ்சம் தாங்கும். ரோட்டரிக்கு உள்ளே ஓடும் எல்லாவற்றுக்கும் டீசல்தான் ஆயில். டீசல் எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகம் இருந்து, பம்பும் ரோட்டரியாக இருந்தால், வழுவழுப்பு சரக்கை அளவோடு ஊற்றுவதில் எனக்கு மறுப்பு இல்லை.

இனி தண்ணீர். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கரும்புகை அல்ல, பேரல். நான்கைந்து மாதம் நிற்கும் டிராக்டர், பேரலில் டீசல், இரண்டையும் சேர்த்துப் படித்ததுமே எனக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. இன்று ஒரு வேலை செய்யுங்கள். டிராக்டரை இரவு முழுக்க அசைக்காமல் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டேங்கின் டிரெயின் பிளக்கையும், ஃபில்டர் கிண்ணத்தின் அடித் திருகையும் லேசாகத் தளர்த்தி, ஒரு கண்ணாடி ஜாரில் அரை லிட்டர் பிடியுங்கள். ஜாரை வெளிச்சத்தில் பத்து நிமிடம் வையுங்கள். டீசல் மேலே நிற்கும். அடியில் தெளிவாக ஒரு படலம் தனியாகப் பிரிந்தால் தண்ணீர். இரண்டும் சேரும் கோட்டில் பழுப்பாகவோ கருப்பாகவோ, மூக்குச்சளி மாதிரி ஒரு ஏடு மிதந்தால், அது பூஞ்சை. ஆமாம், டீசலைத் தின்று வாழும் பூஞ்சை உண்டு. அதற்குத் தண்ணீரும் டீசலும் தொடும் இடம் போதும். ஃபில்டரை மாற்றி மாற்றி அலுத்துப்போனவர்கள் பலர் இதைத்தான் “மட்டமான டீசல்” என்று திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதி காலியான டேங்கில் இரவுக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் சுவரில் வேர்த்து இறங்குகிறது. அதைவிட மோசம் பேரல். திறந்த வெளியில் நிமிர்த்தி வைத்தால் மூடியைச் சுற்றி மழைத் தண்ணீர் தேங்கும். பகலில் பேரல் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து அந்தத் தண்ணீரையே உள்ளே உறிஞ்சும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் போகத்தான் போகும். அதனால் கூரைக்குக் கீழே வையுங்கள். முடியாவிட்டால், இரண்டு மூடியும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் வரும்படி பேரலைப் படுக்க வையுங்கள், உள்ளே டீசல் இருப்பதால் காற்று போகாது. எடுத்துப் பயன்படுத்தும் பேரலை ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சற்றே சாய்த்து, உறிஞ்சும் குழாயை அடியிலிருந்து நாலு விரல் மேலே, உயர்ந்த பக்கத்தில் நிறுத்துங்கள். கால்வனைஸ் செய்த பேரல் என்றால் மாற்றிவிடுங்கள். துத்தநாகம் டீசலில் கரைந்து, நாசில் பொருந்தியிருக்கும் இன்ஜெக்டருக்குள் போய்ப் படியும்.

இப்போது உங்கள் பாட்டில்காரரின் “தண்ணீரையும் எரித்துவிடும்” என்ற வசனத்துக்கு வருகிறேன். அப்படி எழுதியிருந்தால் அது தண்ணீரைப் பொடிப்பொடித் துளியாக டீசலோடு கலந்துவிடும் வகை. கலந்தபிறகு, டீசலில் இருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரால் அதைப் பிடிக்க முடியாது. நேராக பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். பழைய டிராக்டர் ஒருவேளை இதைச் சகித்துக்கொள்ளும். உங்கள் லாரி சகிக்காது. மற்றொரு வகை நேர்மாறானது: தண்ணீரைப் பிரித்து அடியில் இறக்கிவிடும், செப்பரேட்டர் பிடித்துக்கொள்ளும், நாம் திருகி வெளியேற்றலாம். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் ஜாரில் ஒரு விரல் தண்ணீர் தெரிகிறது என்றால் எந்த வகையும் வேண்டாம். டேங்கை இறக்கி, கழுவி, காயவைத்து மாட்டுங்கள். பூஞ்சை இருந்தால் கழுவிய பிறகு பூஞ்சைக்கொல்லியை அதன் அளவில் ஊற்றுங்கள். கழுவாமல் ஊற்றினால் செத்த பூஞ்சை எல்லாம் சேர்ந்து ஃபில்டரை அடைத்துவிடும். அது விஷம், கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

அடுத்த முறை டிராக்டரை நிறுத்தும்போது டேங்கை நிறைய நிரப்பி நிறுத்துங்கள். டீசல் கெடாமல் நிலைப்படுத்தும் அடிட்டிவ் ஊற்றுவது என்றால் அன்றைக்கே, டீசல் புதிதாக இருக்கும்போதே ஊற்றி, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஐந்து மாதம் கழித்துப் புளித்த வாசனை வந்த டீசலில் ஊற்றிப் பயன் இல்லை. உங்களிடம் இருக்கும் பிரச்சினைகளில் ஒரு பாட்டிலுக்கு நான் மனதார ஒப்புதல் தருவது இதற்குத்தான்.

குளிர் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் ஒரே வரி: கடும் குளிரில் டீசலில் மெழுகு உறையாமல் இருக்க ஊற்றும் சரக்கை உறைவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். உறைந்த மெழுகை அது கரைக்காது.

லாரி. குறை இல்லை என்கிறீர்கள், அப்புறம் எதற்கு மருந்து? உங்கள் லாரியில் காமன் ரெயில் இருக்கும், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் அமைப்பு. டிராக்டர் நாசில் 200 பாரில் திறக்கிறது என்றேனே, இங்கே ரெயிலில் 1,600, 2,000 பார் என்று அழுத்தம் நிற்கும். இன்ஜெக்டருக்கு உள்ளே ஓடும் பாகங்களின் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்; தலைமுடியின் தடிமன் அதைப்போல இருபது மடங்குக்கு மேல். அங்கே தெரியாத சரக்கு எதையும் அனுப்பக் கூடாது. அதோடு பின்னால் டி.பி.எஃப்., அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, இருக்கிறது. புகைக்கரியை அது 600 டிகிரிக்குப் பக்கம் சூடேற்றி அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். ஆனால் அடிட்டிவில் இரும்பு, சீரியம், மாங்கனீசு என்று உலோகம் இருந்தால், அது சாம்பலாக உள்ளேயே தங்கும். சாம்பல் எரியாது. தொழிற்சாலையிலேயே உலோகச் சரக்குக்கென்று தனி டேங்க் வைத்து வடிவமைத்த வண்டிகள் உண்டு, அது வேறு சங்கதி. வண்டியோடு வந்த புத்தகத்தில் அடிட்டிவ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கூடாது என்று இருந்தால், வாரன்டி இருக்கும்வரை அதற்கு மேல் பேச்சே இல்லை.

யூரியாவைக் கேட்டிருந்தீர்கள். அது டீசல் அடிட்டிவே அல்ல. 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். சைலன்சர் பக்கம் புகையில் தூவி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காக. அதற்குத் தனி டேங்க், தனி மூடி. அதில் வேறு எதையும் கலக்கக் கூடாது, அதை டீசல் டேங்கிலும் ஊற்றக் கூடாது. ஒரு லாரி என்னிடம் கயிறு கட்டி இழுத்து வந்தது. இரவில் மூடி மாற்றி ஊற்றிவிட்டார்கள். டிரைவர் உடனே கண்டுபிடித்திருக்கிறார், ஆனால் “எவ்வளவு போயிருக்கிறது பார்ப்போம்” என்று சாவியைத் திருப்பி மீட்டரைப் பார்த்திருக்கிறார். சாவி திரும்பியதும் டேங்கில் உள்ள பம்ப் ஓடி, எல்லாவற்றையும் ரெயில் பக்கம் தள்ளிவிட்டது. ஃபில்டரைத் திறந்தபோது உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளையாக இருந்தது. சாவியைத் தொடாமல் இருந்திருந்தால் டேங்கைக் கழுவுவதோடு போயிருக்கும். உங்கள் டிரைவரிடம் இதை மட்டும் சொல்லி வையுங்கள்.

அவருடைய டூ-ஸ்ட்ரோக் ஆயில் யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கோபித்துக்கொள்வார். பழைய பம்பில் அது கொஞ்சம் வழுவழுப்பு தரும், அது உண்மை. ஆனால் அது பெட்ரோலோடு எரிவதற்குச் செய்த ஆயில். காமன் ரெயிலுக்காக அதை யாரும் செய்யவில்லை. மண்ணெண்ணெய் அதற்கு நேர் எதிர் வேலை செய்யும், வழுவழுப்பைக் குறைக்கும். ஒரு கையால் ஊற்றியதை மறு கையால் எடுப்பது போலத்தான். பெட்ரோல் கலக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். டீசல் ஆவி தீப்பிடிக்க நல்ல சூடு வேண்டும். பெட்ரோலுக்கு உறைபனிக் குளிரே போதும். கலந்த டேங்க் பக்கத்தில் பீடி பற்றவைத்தால் கதை முடிந்தது.

ஏர் ஃபில்டர், தண்ணீர், நாசில் மூன்றையும் பார்த்த பிறகும் டிராக்டரில் டிடர்ஜென்ட் வகையை முயன்று பார்க்க ஆசை இருந்தால் தாராளமாகப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 1,000க்கு 1 அளவு, அதாவது 60 லிட்டர் டேங்குக்கு 60 மில்லி. லேபிளில் என்ன இருக்கிறதோ அதுதான் அளவு; இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தம் ஆகாது, மிச்சமே அழுக்காகப் படியலாம். முதலில் அடிட்டிவை ஊற்றி, அதன்மேல் டீசலை நிரப்பினால் தானாகக் கலக்கும். கையில் ஒரு புது ஃபில்டர் இருக்கட்டும். இருபது வருட அழுக்கு இளகி வந்து முதல் இரண்டு டேங்கிலேயே ஃபில்டரை அடைக்கும், பாதி உழவில் நின்றுவிடுவீர்கள்.

பலன் தெரிகிறதா என்பதை டிரைவரிடம் கேட்காதீர்கள். புது மருந்து ஊற்றிய அன்று எல்லோரும் ஆக்சிலரேட்டரை மெதுவாகத்தான் மிதிப்பார்கள். டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, ஒரே நிலத்தில், ஒரே கலப்பையில், ஒரே கியரில் உழுது, திரும்ப அதே இடத்தில் நிறுத்திக் கழுத்து வரை நிரப்புங்கள். போன லிட்டரை உழுத ஏக்கரால் வகுத்து எழுதுங்கள். இரண்டு டேங்க் வெறும் டீசல், இரண்டு டேங்க் மருந்தோடு, மறுபடி இரண்டு டேங்க் வெறும் டீசல். கடைசி இரண்டுக்கும் முதல் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் ஏதோ அழுக்கு போயிருக்கிறது. தெரியாவிட்டால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆனால் மூடி திறந்ததை எடுத்துக்கொள்வார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜாரில் என்ன தெரிந்தது என்பதை எழுதுங்கள். படலம் இருந்தால் எத்தனை விரல், ஏடு இருந்தால் என்ன நிறம் என்பதையும் சேர்த்து.